வெறுங்காது

தளவாய் சொன்ன இந்தக் கதையை மருந்துக்கடைப் பொன்னுதுரை ஒன்பது வருடமாக நம்பவில்லை.

தளவாய் பொய் சொல்கிற ஆள் இல்லை. தண்ணீர் மோட்டார் மெக்கானிக். ஓடுகிற மோட்டாரின் உடம்பில் திருப்புளியின் முனையை வைத்து, பிடியைக் காதெலும்பில் ஒட்டி, உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அதுதான் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்டவர் ஒரு மத்தியானம் காதுக்குச் சொட்டு மருந்து கேட்டு வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு இதைச் சொன்னார்.

பொன்னுதுரை ஊம் கொட்டிக் கேட்டார். காது இரைச்சலுக்கு மருந்து கிடையாது என்றும் சொன்னார். ஆனால் நம்பவில்லை. அதிலும் முடிவை நம்பவே இல்லை. அதன்பிறகு தளவாயை எங்கே பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்க நினைப்பார். கேட்கமாட்டார்.

தளவாய் சொன்னது இது.

*

அவருடைய வாழைத் தோட்டத்தில் பன்றி இறங்கியது. அப்பா வைத்திருந்த ஒற்றைக் குழல் துப்பாக்கியின் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றப் போனார். சுடப் பழகியதற்குச் சான்றிதழ் கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது.

சுடப் பழகுகிற இடம் மலையடிவாரத்தில் இருந்தது. கைவிட்ட கல்குவாரி. மூன்று பக்கம் செங்குத்தாகப் பாறை, ஒரு பக்கம் வழி. ஊரில் அதைக் குழி என்றுதான் சொல்வார்கள். அங்கே ஒரு வார்த்தை பேசினால் அது பாறையில் பட்டுக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வரும். போனதைவிட வந்தது சில சமயம் தெளிவாக இருக்கும். பறவை எதுவும் அங்கே உட்கார்ந்து தளவாய் பார்த்ததில்லை.

குழியை நடத்தியவர் செல்லக்கனி என்ற பெண். போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கிக் கிடங்கு பார்த்துவிட்டு, வேலையை விட்டு வந்தவர். தளவாயைவிடப் பத்து வயது இளையவர். எல்லோருக்கும் அவர் டீச்சர். அவருக்குத் தளவாய் அண்ணாச்சி.

முதல் நாள் துப்பாக்கியைத் தொடவிடவில்லை. எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பஞ்சு, மெழுகு உருண்டை, சிகரெட்டின் அடிப்பஞ்சு, நனைத்து உருட்டிய செய்தித்தாள், இரண்டு காலித் தோட்டா, மஞ்சள் ஸ்பாஞ்சில் ஒரு ஜோடி இயர் பிளக்.

"இந்தக் குழிக்கு வந்தவங்க காதை அடைச்ச சாமான் அம்புட்டும் இதுல இருக்கு. எது வேணுமோ எடுத்துக்கிடுங்க, அண்ணாச்சி."

தளவாய் பஞ்சை எடுத்தார். மார்கழியில் பஸ் ஏறுகிறவர்கள் வைக்கிற மாதிரி இரண்டு காதிலும் திணித்துக்கொண்டார்.

டீச்சர் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, அடுத்த வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "மத்தியானத்துக்கு என்ன கொண்டாந்திருக்கீங்க?"

"புளியோதரை."

"பஞ்சை எடுத்துருங்க. காதுக்குள்ள தூசி போகாம அது பாத்துக்கிடும். வெடி, தூசி இல்ல."

தளவாய் சிகரெட் பஞ்சைப் பார்த்தார்.

"புகையையே முழுசா நிறுத்தத் தெரியாத சாமான் அது."

காலித் தோட்டாவைப் பார்த்தார்.

"அது பட்டாளத்து வைத்தியம். காதுக்குள்ள போய் மாட்டிக்கிட்டா டாக்டர் கொறடு தேடுவாரு."

பக்கத்துப் பெஞ்சில் சுபேதார் மாசானம் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வாராவாரம் வருகிறவர். அவர் சிரித்தார். "நாங்கள்லாம் வெறுங்காதோட சுட்டவங்க, தம்பி. காதைப் பொத்துதவன் நாளைக்குக் கண்ணையும் பொத்துவான்."

குழியில் ஒரு வழக்கம் உண்டு. சுடுவதற்கு முன்னால் எல்லோரும் காதை அடைத்துக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். டீச்சர் பின்னால் நடந்துகொண்டே ஒவ்வொருவர் பேரையும் மெல்லச் சொல்லுவார். பேர் கேட்டுத் திரும்பினவருக்கு அன்றைக்குச் சுடக் கிடையாது.

அந்த நடையில் அவர் சுபேதாரின் பின்னால் போய் நின்றார். "மாசானம் ஐயா, டீ குடிக்கியளா?"

சுபேதார் எதிரே இருந்த குறிப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் டீச்சர் தளவாயிடம். "வெறுங்காதோட எம் பரிச்சையில தேறுன ஆளு அவரு ஒருத்தர்தான்."

பிறகு இயர் பிளக்கை எடுத்துக் கொடுத்தார். விரலிடுக்கில் உருட்டி ஊதுவத்திபோல் மெல்லிசாக்க வேண்டும். இடது காதுக்கு வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட வேண்டும். விட்டதும் கையை எடுக்கக் கூடாது. அது உள்ளே ஊதிக் காதை நிறைக்கிறவரை முப்பது எண்ண வேண்டும். அதற்கும் மேலே, ஹெட்போன் மாதிரி இருக்கும் காதுமூடி.

"ரெண்டுமா, டீச்சர்?"

"ரெண்டும்."

"என் காதுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஆயிரும்."

"ஆகட்டும். நான் தூக்கிப் பிடிக்கிற கொடி விழுறதைக் கண்ணால பாத்துச் சுடுங்க. இங்க காதுக்கு வேல இல்ல."

*

தளவாய் செய்த தப்பு புதிதாக வருகிற எல்லோரும் செய்கிறதுதான். துப்பாக்கியின் கட்டை வலது தோளில். வலது கன்னம் அதில் ஒட்டியிருக்கிறது. அதனால் வலது காதுக்குத்தான் ஆபத்து என்று நினைத்து, வலது பிளக்கை முப்பது எண்ணிப் பிடித்தார். இடது பக்கம் ஏழு எண்ணிவிட்டுக் கையை எடுத்தார். பிளக் பாதி வெளியே வந்து நின்றது. காதுமூடியும் மூக்குக் கண்ணாடியின் காம்பில் இடித்துக்கொண்டு இடது பக்கம் சரியாக உட்காரவில்லை. குழல் வாய்க்கு நேராக நிற்பது அந்த இடது காது. வலது காதுக்குத் தலையே மறைப்பு.

பேர் சொல்லும் நடை முடிந்த பிறகுதான் அது வெளியே நழுவியது. யாரும் பார்க்கவில்லை.

கொடி விழுந்தது. சுட்டார்.

இடது காதில் அறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் சத்தம் எல்லாம் போய், மெல்லிய விசில் ஒன்று நீளமாக ஓடியது. அந்த விசிலுக்கு அடியிலிருந்து, வயலுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவதுபோல், ஒரு குரல் வந்தது.

"ஏலே, தளவாய்."

அது சங்கிலியின் குரல்.

சங்கிலி அவருடைய அண்ணன். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், எரிந்துபோன மோட்டார் காயிலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனவர். திரும்பவில்லை. சைக்கிள் பஸ் ஸ்டாண்டில் பூட்டி நின்றது. காயில் அதிலேயே கட்டியபடி இருந்தது. ஆளை மட்டும் காணோம். தேடாத இடம் இல்லை. பார்க்காத பிணமும் இல்லை.

அன்று காலை, கிளம்பும்போது, சங்கிலி வாசல் கேட் அருகே சைக்கிளை நிறுத்தித் தம்பியைக் கூப்பிட்டார். தளவாய் பட்டறைக்குள் டீசல் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டது கேட்டது. பேருக்குப் பிறகு அண்ணன் ஏதோ சொன்னார், உதடு அசைந்தது. என்ஜின் சத்தத்தில் விழவில்லை. என்ஜினை நிறுத்தி என்னவென்று கேட்கவில்லை. சரி சரி என்று கையை மட்டும் அசைத்தார்.

சங்கிலியும் கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஊருக்கெல்லாம் மோட்டாருக்குள் காது வைத்துக் கேட்டுச் சொல்கிறவருக்கு, ஏழு வருடமாக ஒரே ஒரு வாக்கியம் கேட்காமல் கிடந்தது.

*

சான்றிதழுக்கு நான்கு நாள் போதும். தளவாய் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனார்.

சொந்தமாக ஒரு காதுமூடி வாங்கினார். இடது கிண்ணத்துக்குள் இருந்த ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டில் ஒரு துளை போட்டு, துளையின் மேல் கறுப்புத் துணியை ஒட்டினார். இடது பிளக்கைச் சூடான ஊசியால் குத்தி, ஓட்டைக்குள் சைக்கிள் வால்வ் டியூப்பை நுழைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேலை சுத்தமாக இருந்தது.

டீச்சர் பின்னால் வந்து பேர் சொல்லும்போது அவருக்குக் கேட்கும். திரும்பமாட்டார்.

முதல் வாரம் பேர் மட்டும் வந்தது. மூன்றாம் வாரம் பேருக்குப் பிறகு ஒரு முனகல். ஐந்தாம் வாரம் முனகலுக்குள் ஒரு சொல் பிரிந்தது.

"வரும்போது."

அதற்கு மேல் விசில் மூடிக்கொண்டது. வரும்போது என்ன? யார் வரும்போது? இன்னும் நாலைந்து குண்டு சுட்டால் அடுத்த சொல்லும் பிரியும் என்று தளவாய்க்கு உறுதியாகத் தோன்றியது. மோட்டாரில் அடைப்பு எடுக்கிற மாதிரிதான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்.

இதற்குள் இடப்பக்கம் நின்று யாராவது பேசினால் அவருக்கு விழாமல் போனது. ஒரு தோட்டத்தில் பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அந்த மோட்டார் இறுகிப் புகைந்தது. தோட்டக்காரர் திட்டவில்லை. "உமக்கு உடம்புக்கு என்னவே?" என்று மட்டும் கேட்டார். தளவாய் வலது காதைத் திருப்பி அதைக் கேட்டுக்கொண்டார்.

*

எட்டாவது ஞாயிறு டீச்சர் பேர் சொல்லும் நடையை முடித்துவிட்டு முன்னால் வந்தார். சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தார். மற்றவர்கள் ஓரக்கண்ணால் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தளவாய் குறிப்பலகையைப் பார்த்தார்; பக்கத்துத் துப்பாக்கி வெடிக்கிற சத்தம் கேட்டுச் சுடுவது அவருக்கு வழக்கமாகியிருந்தது.

டீச்சர் கொடியை அசைக்காமல், வாய்க்குள் சொல்வதுபோல் சொன்னார்: "சுடுங்க."

ஒரே ஒரு துப்பாக்கி வெடித்தது.

பாறை மூன்றும் அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கிறவரை யாரும் அசையவில்லை. தளவாய் தலையை நிமிர்த்தினார். கொடி இன்னும் மேலேயே இருந்தது.

டீச்சர் மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சுபேதார் போகும்போது, "நான் அப்பமே சொன்னேன், பூட்டுப் போட்டா இப்படித்தான்" என்றார். எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

டீச்சர் தளவாயின் காதுமூடியை வாங்கி, கறுப்புத் துணியை நகத்தால் உரித்தார். துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். பிளக்கையும் வாங்கி, வால்வ் டியூப்பை இழுத்து எடுத்தார்.

"காது கேக்காதவன் கொடியத்தான் பாப்பான். நீங்க எட்டு வாரமா கொடியப் பாக்கவே இல்ல."

தளவாய் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

"மெக்கானிக் வேல நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. எதுக்கு?"

அவர் சொன்னார். என்ஜின் சத்தம், உதட்டசைவு, பஸ் ஸ்டாண்டில் நின்ற சைக்கிள், விசில், பேர், அந்த ஒரு சொல். யாரிடமும் சொல்லாததை, தன்னைவிடப் பத்து வயது இளையவரிடம், கைகட்டி நின்று சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை. டாக்டரிடம் போங்கள் என்றும் சொல்லவில்லை.

"எந்தக் காதுல வாராரு?"

"இடது."

"இன்னும் எத்தனை சொல்லு பாக்கி இருக்கும்?"

"நாலு இருக்கும். அஞ்சு இருக்கும்."

"அந்தக் காதுல இன்னும் எத்தனை குண்டுக்கு எடம் இருக்கு?"

தளவாய் தரையைப் பார்த்தார். "டீச்சர், அடைச்சுட்டா அவன் வரமாட்டான்."

"வரவே வேண்டாம்னு நான் சொல்லலையே. பையில தோட்டா எத்தனை?"

"அஞ்சு."

"என் காதுமூடியப் போட்டுக்கிடுங்க. புது பிளக்கும். முப்பது எண்ணணும், ரெண்டு பக்கமும். நீங்க சுடுங்க. நான் வெறுங்காதோட உங்களுக்கு இடப்பக்கம் நிக்கேன். அண்ணன் சொல்லுறதை நான் கேட்டுச் சொல்லுதேன்."

"வேண்டாம் டீச்சர். உங்க காது..."

"உங்க காது போகலாம், என் காது போகக் கூடாதா?"

"அவன் என் அண்ணன்."

"குழி என்னோடது."

தளவாய்க்கு அதற்குமேல் தடுக்கத் தெரியவில்லை. அல்லது தடுக்க மனசு வரவில்லை. இதைச் சொல்லும்போது அவர் பொன்னுதுரையின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இருமல் மருந்துப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த வாக்கியத்துக்காக அந்த நேரத்தில் யாருடைய காதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன் அண்ணாச்சி, என்றார்.

*

வெயில் நடுத் தலையில் நின்றது. குழிக்குள் நிழலே இல்லை.

தளவாய் இரண்டு பக்கமும் முப்பது எண்ணினார். காதுமூடியைப் போட்டார். உலகம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. தன் மூச்சு மட்டும் கேட்டது. டீச்சர் அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில், தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு நின்றார். கொடியை விட்டார்.

முதல் குண்டு. தளவாய்க்குக் கதவைத் தட்டின மாதிரிதான் கேட்டது. திரும்பிப் பார்த்தார். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்.

இரண்டாவது. கன்னத்தில் தசை துடித்தது. இல்லை என்றார்.

மூன்றாவது.

இந்தத் தடவை அவர் தலையை ஆட்டவில்லை. கண்ணைத் திறந்தார். மேலே, பாறையின் விளிம்பைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, காய்ந்த புல்தான் இருந்தது. எதையோ கூர்ந்து கேட்கிறவர்போல் தலையைச் சாய்த்தார். பிறகு மெதுவாக, கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவதுபோல், வலப்பக்கம் திரும்பினார்.

"கேட்டுதா?" என்று தளவாய் கத்தினார்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. ஒரு விரலைக் காட்டினார். இன்னொன்று.

நான்காவதைச் சுட்டார்.

டீச்சர் ஒரு அடி முன்னால் வைத்தார். குழலுக்கு இன்னும் பக்கத்தில். தளவாய் அவரைக் கையால் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. டீச்சரின் உதடு அசைந்தது. காதுமூடிக்குள்ளிருந்து தளவாய்க்கு விழவில்லை, ஆனால் அசைவு தெரிந்தது. ஒண்ணே ஒண்ணு.

தளவாய் கடைசித் தோட்டாவைக் கையில் எடுத்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்தார்.

தன் முகத்தை எட்டு ஞாயிறும் அவர் பார்த்ததில்லை. இப்போது டீச்சரின் முகத்தில் பார்த்தார். பசித்த பிள்ளை சட்டியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

தோட்டாவைப் பைக்குள் போட்டார். துப்பாக்கியை மடித்துத் தரையில் வைத்தார். தலையிலிருந்த காதுமூடியைக் கழற்றி டீச்சரின் தலையில் மாட்டினார். டீச்சர் அதைப் பிடித்து இழுத்தார். வயதில் மூத்தவர் என்றோ, மாணவர் என்றோ பார்க்கவில்லை, நகம் பட்டு அவருடைய மணிக்கட்டில் ரத்தம் வந்தது. தளவாய் இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பிளக்குக்கு எண்ணுவதுபோல் எண்ணினார். முப்பது போதவில்லை. நூறுக்கு மேலும் போனார்.

பிறகு டீச்சரின் கை தளர்ந்தது. இரண்டு பேரும் வெயிலில் அப்படியே உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் கழித்து தளவாய் காதுமூடியை எடுத்துவிட்டு, தன் பிளக்குகளையும் உருவினார். தன் வலது காது டீச்சர் பக்கம் வருகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்து, உரக்கக் கேட்டார்.

"டீச்சர், அண்ணன் பேசுனானா?"

"இல்ல."

"அப்ப என்ன கேட்டுச்சு?"

"பேரு."

"தளவாய்னா?"

"செல்லக்கனின்னு."

மேலே பாறை அந்தப் பேரைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொன்னது.

"யாரு குரலு?"

"எங்க அம்மா."

"அம்மா..."

"போயி பதினோரு வருசம்."

தளவாய் கேட்கக் கூடாது என்று நினைத்தார். கேட்டுவிட்டார்.

"என்ன சொன்னாங்க?"

டீச்சர் எழுந்து மண்ணைத் தட்டினார். கொடியைச் சுருட்டினார். வழிப்பக்கமாக இரண்டு அடி நடந்துவிட்டு நின்றார்.

"சொல்ல வாயெடுத்தாங்க, அண்ணாச்சி. நீங்க மூடிட்டீங்க."

*

இதுதான் தளவாய் சொன்னது. அதன்பிறகு அவர் குழிக்குப் போகவில்லை. துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். பன்றி வாழையைத் தின்றது, தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். இடது காது திரும்பவில்லை. வலது காதை வைத்துத்தான் இன்றைக்கும் பேரிங் பார்க்கிறார். டீச்சர் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கத்தை அந்த ஞாயிறோடு விட்டுவிட்டார் என்று சுபேதார் சொல்லி அவருக்குத் தெரியும். இப்போதெல்லாம் ஒவ்வொருவர் காதையும் தானே தொட்டுப் பார்க்கிறாராம்.

பொன்னுதுரைக்கு அன்றே விளங்கிவிட்டது. அது நடிப்பு. கெட்டிக்காரப் பெண்பிள்ளை. நாலு குண்டுச் சத்தத்தைத் தன் காதில் வாங்கிக்கொண்டு, ஒரு ஆளின் பைத்தியத்தைத் தெளியவைத்திருக்கிறாள். தளவாயிடம் இதைச் சொல்லவில்லை. "உங்க டீச்சர் நடிச்சாங்களா?" என்று கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் வாயெடுப்பார். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவார். ஆனால் சில நாள் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், நடிக்கிறவள் எதற்கு நகத்தால் பிராண்ட வேண்டும் என்று ஒரு எண்ணம் வரும். மருந்துச் சீட்டுகளை அடுக்கி அதை விரட்டுவார். தனக்கு ஏன் இது இத்தனை முக்கியமாகப் படுகிறது என்று தன்னையே கேட்டுக்கொள்வார்.

போன ஐப்பசியில் பொன்னுதுரையின் மனைவி எழிலரசி இறந்துபோனாள். காலையில் காபி கொடுத்தவள், பத்து மணிக்குக் கடைக்குப் போன் செய்தாள். கடையில் கூட்டம். பிறகு பேசுகிறேன் என்று பொன்னுதுரை வைத்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. நேராகத் தளவாயின் பட்டறைக்குப் போனார். உள்ளே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தளவாய் குனிந்து, வலது காதில் திருப்புளியை ஒட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் நிழல் பட்டதும் நிமிர்ந்தார். என்ஜினை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, வலது காதைக் காட்டித் திரும்பி நின்றார்.

ஒன்பது வருடமாக வாயில் இருந்த கேள்வியைக் கேட்கத்தான் பொன்னுதுரை வந்தார். வந்தது வேறு.

"தளவாய், அந்தக் குழியில புதுசா ஆள் சேக்காங்களா?"